எண்ணூற்று இருபது சதுர அடி

அன்றைய எல்லைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் மனைக்கு ஒருவர் வீதம் முப்பத்தொரு பேர். அவர்களைத் தவிர இன்னும் இருவர். மதுராந்தகத்துக்குத் தெற்கே உள்ள தாங்கல் கார்டன் குடியிருப்போர் சங்கத்தின் ஹாலில், தாங்கல் என்கிற அந்தச் சிறு நீர்நிலையைச் சுற்றி மனைகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மேற்கே வாசலையொட்டி முதல் எட்டு மனைக்காரர்கள். வடக்கே ஜன்னலோரம் சங்கத் தலைவர் தணிகைவேல். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், மனை எண் பதினொன்று. கிழக்கே பதினேழாம் நாற்காலியில் செயலாளர் அமலோற்பவம், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. அவளுக்குப் பின்னால் தூணில் சாய்ந்தபடி அவள் கணவர் சூசைநாதன், கணக்கில் சேராத இருவரில் ஒருவர். தெற்கே சுவரோரம் இருபத்தாறாம் நாற்காலி. மூன்று ஆண்டுகளாகக் காலியாகவே கிடந்த அதில் இந்த முறை ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நடுவில் இருந்த வெறும் தரைதான் தாங்கல். அதில் எல்லை வாரியத்து அதிகாரி யாழிசை மட்டும் கையில் ஒரு தாளுடன் நின்றிருந்தாள்.

"மேடம், இடுப்பளவு தண்ணியில நிக்கிறீங்க. பாத்து" என்றார் தணிகைவேல். வருடா வருடம் அதையேதான் சொல்வார். வருடா வருடம் நாலு பேர் சிரிப்பார்கள்.

நாற்காலி வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். வாரியம் தரும் வரைபடம் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று, தரையில் பதித்திருக்கும் கல் ஒன்றுக்குப் பத்தடி என்று கணக்கு வைத்தார். தாங்கலைச் சுற்றியுள்ள காப்பு நிலத்தின் எல்லைக்கோடு உங்கள் மனைக்குள் எவ்வளவு வருகிறதோ அத்தனை கல் நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டும். கோடு விலகினால் முன்னால் இழுத்துக்கொள்ளலாம். பெயர் படிக்கப்பட்டதும் அவரவரே எழுந்து நகர்த்த வேண்டும். அடுத்தவர் கை வைக்கக் கூடாது.

யாழிசை படித்தாள். முதல் பதினாறு மனைகளுக்கு மாற்றமில்லை.

"பதினேழு. கோடு இருபதடி விலகுது. எண்ணூத்து இருபது சதுர அடி காப்பிலேருந்து விடுபடுது."

அமலோற்பவம் எழுந்து இரண்டு கல் முன்னால் போனாள். பின்னாலிருந்து சூசைநாதன் மெல்லத் தொண்டையைச் செருமினார். மகிழ்ச்சியாக இருந்தால் அவர் அப்படித்தான் செய்வார். ஓசூரில் கம்பெனி மூடிப்போய், மகள் ஜெசிந்தா மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் மாசியில் இங்கேயே வந்துவிடப் போகிறாள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை எடுக்க இடமில்லையே என்று அவர்கள் தவித்த தவிப்புக்கு இப்போது வழி பிறந்துவிட்டது.

"இருபத்தாறு. கோடு இருபத்தேழடி உள்ள வருது. எண்ணூத்து இருபது சதுர அடி காப்புக்குள்ள போகுது."

இருபத்தாறாம் நாற்காலிக்காரி எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரர், "நகத்தணும்மா. மூணு கல்லு" என்றார். அவள் எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். இரண்டாவது கல்லிலேயே அது சுவரில் இடித்தது.

"இதுக்கு மேல போகல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அவள் பெயர் ஜெய்த்தூன் பீவி. மதுராந்தகம் கடைத்தெருவில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். நாற்பது வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்: "மேடம், என் மனை மொத்தமே ஆயிரத்து இருநூறு அடி. மாசியில கடக்கால் போடப்போறேன். காப்பு நிலம்னு பத்திரத்துல இருந்துச்சு, நான் இல்லேங்கல. ஆனா அந்தக் கோடு என் மனைக்குப் பின்னாடி தொட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"கோடு கல்லுல இல்லம்மா. காதுல இருக்கு" என்றாள் யாழிசை.

தாங்கலைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு நட்டிருந்த நூற்றிருபது கம்பங்களை ஊரில் காது என்றுதான் சொல்வார்கள். பொன்வரித் தவளை என்கிற கட்டைவிரல் அளவுத் தவளை இந்தப் பக்கத்தில் மிச்சமிருப்பது இந்தத் தாங்கலில் மட்டும். மழைக்காலம் முழுவதும் அதன் குரல் எங்கெங்கே கேட்கிறது என்று கம்பங்கள் குறித்துக்கொள்ளும். மார்கழிக் கடைசியில் வாரியம் அதை வைத்துக் கோட்டைத் திருத்தும்.

"லேஅவுட்டுக்கு அனுமதி வாங்கும்போதே நாலு ஏக்கர் காப்புன்னு எழுதிக் கொடுத்தாச்சு. அந்த நாலு ஏக்கர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தவளை எங்க போகுதோ கோடு அங்க போகும். ஒரு பக்கம் உள்ள வந்தா இன்னொரு பக்கம் அதே அளவு விலகியாகணும். பட்டா உங்க பேருலதான் இருக்கும். கட்டடம் கட்டக் கூடாது, மண்ணு கொட்டக் கூடாது, போர் போடக் கூடாது. புரட்டாசியிலேருந்து மார்கழி வரைக்கும் கால் வைக்கக் கூடாது."

"பட்டா என்னோடது. குடியிருக்கிறது அதுங்க" என்றாள் ஜெய்த்தூன்.

"முப்பது நாளுக்குள்ள ஆட்சேபணை மனு போடலாம்மா."

கூட்டம் கலைந்ததும் ஜெய்த்தூன் நேரே அமலோற்பவத்திடம் வந்தாள். "அக்கா, நீங்க மின்வாரியத்துல இருந்தவங்களாமே. நீங்க எழுதுன லெட்டரைத் தள்ளுபடி பண்ணதா சரித்திரமே இல்லேன்னு தலைவர் சொல்றாரு. எனக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கிறீங்களா?"

"எழுதறேம்மா. மனையை ஒரு தடவை நேர்ல பாக்கணும். பாக்காம நான் எதையும் எழுதறதில்ல."

தை பிறந்த மூன்றாம் நாள் காலை, கால் வைக்கும் தடை நீங்கியதும், இருவரும் இருபத்தாறாம் மனைக்குப் போனார்கள். அமலோற்பவம் அளவு நாடாவும் நோட்டும் கொண்டுவந்திருந்தாள். ஜெய்த்தூன் ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தாள்.

"இங்கதான் மிஷின் ரூம்னு நினைச்சு வெச்சிருந்தேன்" என்று ஜெய்த்தூன் ஈர மண்ணைக் காட்டினாள். "நாலு மிஷின். வடக்கு ஜன்னல். வெளிச்சம் முதுகுப் பக்கம் வராம பக்கவாட்டுல வந்தா கண்ணு கெடாதுன்னு நானே வரைஞ்சேன். இப்ப இருக்கிற இடத்தைப் பங்குனிக்குள்ள காலி பண்ணணும்னு வீட்டுக்காரங்க சொல்லிட்டாங்க. அவங்க புள்ளைக்குக் கல்யாணம். அவங்களும் பாவம், எட்டு வருஷம் பொறுத்தாங்க."

"வேற வாடகைக்குப் பாக்கக் கூடாதா?"

"மிஷின் சத்தம்னாலே வீடு குடுக்க மாட்டேங்கிறாங்கக்கா. அதோட நான், ரெண்டு பொண்ணுங்க, அவர் மவுத்தானதுக்கு அப்புறம் வீட்டுல ஆம்பள இல்ல. அதுக்கு மேல கேக்காமலேயே அவங்களுக்கு நூறு காரணம் தெரியுது."

அவள் பேச்சை நிறுத்திக் காலைத் தூக்கிக்கொண்டாள். செருப்பின் மேல் நகக்கண் அளவில் ஒரு தவளைக் குஞ்சு. முதுகில் நூலால் ஒற்றைத் தையல் போட்டதுபோல் ஒரு பொன் கோடு. பார்த்தால் புல்லுக்குள்ளே எல்லா இடத்திலும் அதுவே. பத்து, நூறு, அதற்கும் மேலே. தரையே மெல்ல நகர்வதுபோல் இருந்தது.

"என் வாசல்ல நின்னுக்கிட்டு, நீ யாருன்னு என்னையே கேக்குது பாருங்க" என்று ஜெய்த்தூன் சிரித்தாள். குனிந்து அதை இரண்டு விரலால் தள்ளிவிட்டாள். அப்புறம் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தாள். தன் வீட்டைத் தின்றுவிட்ட ஒன்றை மிதித்துவிடாமல் இருக்க ஒருத்தி அவ்வளவு பாடுபடுவாளா என்று அமலோற்பவம் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த முள்செடி கண்ணில் பட்டது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கிளைகளில் கறுப்பாக என்னவோ கட்டியிருந்தது. உட்கார்ந்து பார்த்தாள். சைக்கிள் டியூபைக் கிழித்த ரப்பர்ப் பட்டைகள். ஒன்று, இரண்டு, ஐந்து. ஒவ்வொன்றும் இரட்டைச் சுற்று சுற்றி, ஒரு முனையை மடித்து உள்ளே செருகி, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு.

மைக் செட்காரர்கள் எல்லோரும் கயிற்றாலோ டேப்பாலோதான் ஒயர் கட்டுவார்கள். சைக்கிள் டியூபால் இப்படிக் கட்டுகிற ஒரே ஆளை அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் மாதா கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் செட் போட்ட சூசைநாதன். திருவிழா முடிந்த மறுநாள் காலை இருபது கம்பத்து ஒயரைக் கால் மணி நேரத்தில் அவிழ்த்துவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்வார்.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்ல. குப்பை" என்றாள். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது பொய் என்று உறைத்தது. ஐந்து பட்டைகளையும் அவிழ்த்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். டீயைக் குடிக்காமலே வந்துவிட்டாள்.

சூசைநாதன் கூடத்தில் உட்கார்ந்து பழைய ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அமலோற்பவம் நோட்டைத் திறந்து, பட்டைகளை ஒவ்வொன்றாக அவர் முன்னால் வரிசையாக வைத்தாள்.

அவர் வெகுநேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். "ஒண்ணு குறையுது. ஆறு கட்டினேன்" என்றார்.

"சிரிக்கிற நேரமாங்க இது?"

"சிரிக்கல அமலா. வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல." துணியை மடித்து வைத்தார். "போன வருஷ மழையில நம்ம வீட்டுப் பின்னாடி கத்துச்சில்ல, அதைப் பதிவு பண்ணி வெச்சிருந்தேன். சும்மா ஆசைக்குத்தான். அப்புறம் ஜெசிந்தா போன் பண்ணி அழுதாளே, அன்னைக்குத்தான் யோசனை வந்துச்சு. குரல்தானே கோட்டை நகத்துது? குரலை நகத்துவோம்னு."

"அந்த மனையில ஏன்?"

"காலி மனைன்னு நினைச்சேன்."

"காலி மனைன்னா யாரோடதும் இல்லேன்னு அர்த்தமா?"

"எவனோ சென்னைக்காரன் வாங்கிப் போட்டிருப்பான்னு நினைச்சேன். மூணு வருஷமா அந்த நாற்காலியில ஆள் இல்லியே. ஒரு முகத்தைப் பாத்திருந்தா செஞ்சிருக்க மாட்டேன். ஐப்பசி ஒண்ணாம் தேதியிலேருந்து விளக்கு வெக்கிற நேரத்துக்குக் குடையைப் பிடிச்சுக்கிட்டு வாக்கிங் போறேன்னு போவேன். சின்ன ஸ்பீக்கருதான், சிரட்டைக்குள்ள வெச்சுக் கவுத்து வெச்சேன். பத்தாம் நாள் இருக்கும். போதும்னு பாட்டை நிறுத்தினேன்." அவர் குரல் இறங்கியது. "சத்தம் நிக்கல அமலா. நான் நிறுத்திட்டேன், அது நிக்கல. என்னைச் சுத்தி எல்லாப் பக்கமும் கத்துது. பொய்யா ஒண்ணைக் கூப்பிட்டேன். நிஜமாவே வந்துடுச்சு. ஸ்பீக்கரை உருவிக்கிட்டு ஓடிவந்துட்டேன்."

அமலோற்பவம் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள். பின்னால் எண்ணூற்று இருபது சதுர அடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல். மறுபாதி, கூட்டத்தில் இரண்டு கல் முன்னால் போனபோது தன் நெஞ்சுக்குள் எழுந்த சந்தோஷத்தின் மேல்.

மறுநாள் வாரியத்து அலுவலகத்துக்குப் போனாள். கேட்க வேண்டியதை எண் போட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தாள்.

"ஒண்ணு. ஒருத்தர் ஸ்பீக்கர் வெச்சுத் தவளைச் சத்தம் போட்டா காது ஏமாறுமா?"

யாழிசை எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். "ஏமாறாதும்மா. தவளை மூச்சு வாங்கும், ஸ்பீக்கர் வாங்காது. தாங்கல் தெக்குப் பக்கத்துல ஐப்பசி ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் வந்த சத்தத்தை முதல் நாள்லேருந்தே கழிச்சுத் தள்ளிடுச்சு. அதுக்கு அப்புறம் வந்ததுதான் கணக்கு. அது அத்தனையும் நிஜம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"ஸ்பீக்கர்னு தெரியும். யாரோடதுன்னு பாக்கிற வேலை காதுக்கு இல்ல. அப்படி வெச்சிருந்தாத்தான் இந்தச் சட்டத்துக்கு ஊர்க்காரங்க ஒத்துக்குவாங்கன்னு அப்பவே முடிவு பண்ணிட்டாங்க. ஆளைக் கேக்காது, தவளையை மட்டும்தான் கேக்கும்."

"ரெண்டு. தப்பா வரவழைச்சதுன்னு நிரூபிச்சா கோடு பழைய இடத்துக்குப் போகுமா?"

"போகாது. எப்படி வந்துச்சுங்கிறது சட்டத்துக்குத் தேவையில்ல. இருக்கா இல்லையா, அவ்வளவுதான். இன்னொண்ணு சொல்றேன். உங்க பக்கம் போட்ட முட்டை மூணு வருஷமா பொரியல. வெளிச்சமோ சோப்புத் தண்ணியோ, காரணம் தெரியல. இருபத்தாறுல போட்டது அத்தனையும் பொரிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மழை அங்கேயே இருந்திருந்தா இந்தத் தாங்கல்ல தவளையே இருந்திருக்காது. மேலிடத்துல இதை நல்ல சேதியாத்தான் எழுதி அனுப்பியிருக்காங்க."

அமலோற்பவம் தாளைப் பார்த்தாள். மூன்றாவதாக எழுதியிருந்தது அவளுக்கே இப்போது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. இருந்தாலும் எழுதியதைக் கேட்காமல் விடுவது அவள் வழக்கமில்லை. "அந்தம்மாவோட வீடு?"

யாழிசை மேஜை மேலிருந்த கம்பத்து மாதிரி ஒன்றைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "கட்டாத வீட்டுல சத்தம் வராதும்மா" என்றாள். பிறகு, "மனு எழுதிக் கொடுங்க. சம்பிரதாயத்துக்கு வாங்கித் தள்ளுபடி பண்ணுவோம். எழுதிக் கொடுத்தீங்கங்கிற நல்ல பேர் உங்களுக்கு இருக்கும். அதுக்கு மேல யாரும் எதையும் கேக்கப் போறதில்ல."

"நாலு. காப்பிலேருந்து விடுபட்ட நிலத்தை அடுத்தவங்களுக்கு எழுதி வெக்கலாமா?"

"அது உங்க நிலம்மா. யாருக்கு வேணாலும் எழுதலாம்." யாழிசை நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சாவது இருக்கா?"

"இல்ல" என்று அமலோற்பவம் தாளை மடித்தாள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அந்த மனுவை மனசுக்குள்ளேயே எழுதிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. பொருள், பார்வை, மனுதாரர் ஒரு கைம்பெண், இரு பெண் குழந்தைகளின் தாய், இருபது ஆண்டு உழைப்பு. படிக்கிறவர் கண் கலங்கும். கலங்கிவிட்டுத் தள்ளுபடி செய்வார். ஜெய்த்தூன் அக்கா அக்கா என்று கையைப் பிடித்துக்கொள்வாள். மாசியில் ஜெசிந்தா வருவாள். இதில் எங்கேயும் ஓர் ஓட்டையும் இல்லை. முப்பது வருடம் ஆபீசில் இருந்தவளுக்கு, ஓட்டை இல்லாத கோப்பைப் பார்த்தால் எப்போதும் ஒரு சந்தேகம் வரும்.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா கூப்பிட்டாள். "அம்மா, பின்னாடி ரெண்டு ரூம் எடுக்கலாம்னு அப்பா சொன்னாரே, கொத்தனாரைப் பாத்தாச்சா?"

"இன்னும் இல்லடி. கூடத்தை மறிச்சு ஒரு தடுப்பு வெச்சாப் போதுமான்னு பாக்கிறேன்."

"ஏம்மா, கோடு வந்துடுச்சா?"

"கோடு வரல. கொஞ்சம் பொறு. நீ வந்ததும் உக்காத்தி வெச்சுச் சொல்றேன். சந்தோஷமா வா."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சூசைநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். போனை வைத்ததும், "குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டே" என்றார்.

"உங்க பேருலதான் பட்டா. நான் மட்டும் முடிவு பண்ண முடியாது."

அவர் சுவரிலிருந்து திரும்பினார். "குடுத்துடலாம். எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருக்கு. நம்மது முனை மனை, பக்கத்துத் தெருவிலேருந்து தனி வாசல் வெச்சுக்கலாம் அவங்க. எண்ணூத்து இருபதுல மிஷின் ரூமும் வரும், மாடி எடுத்தா வீடும் வரும். ஆனா ஒண்ணு அமலா. எதுக்குக் குடுக்கிறோம்னு சொல்ல வேணாம். இல்லாதவங்களுக்குக் குடுத்ததா இருக்கட்டும். அவங்களுக்கும் வருத்தம் இல்ல, எனக்கும்..."

அமலோற்பவம் அதை ஏற்கெனவே யோசித்திருந்தாள்.

"சொல்லாம குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? அவங்க நம்ம சமையலறைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பாங்க. பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணி வரும். ஜெசிந்தா புள்ளைக்குச் சீருடை தெச்சு வரும். காசு வாங்க மாட்டாங்க. பாக்கிறப்பல்லாம், அண்ணே, நீங்க தெய்வம்ணேன்னு உங்களைச் சொல்லுவாங்க. அதை நீங்க கேட்டுக்கிட்டு நிப்பீங்களா?"

சூசைநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதை என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாதுங்க. திட்டினா கேட்டுக்குவேன்."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துப் போனார்கள். அவர் மெல்ல, "எழுது. என் பேரை முதல்ல போடு" என்றார்.

யார் முகத்தையும் யார் குரலையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்துகொள்ளலாம் என்று ஆன பிறகு, மையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளுக்கு மறுபடி மதிப்பு வந்திருந்த காலம் அது. நிலம் கைமாறுகிற எந்தச் சம்மதமும் தாளில்தான் போக வேண்டும். அமலோற்பவம் முழுத்தாள் எடுத்து, ஓரம் மடித்து, தேதி போட்டு எழுதத் தொடங்கினாள். நான்கு முறை எழுதிக் கிழித்தாள். மின்வாரியத்து மொழியில் எழுதினால் குற்றம் யாருடையது என்று தெரியாமல் போனது. அழுகிற மொழியில் எழுதினால், மன்னிப்பை முன்கூட்டியே வாங்கிவிடப் பார்ப்பதுபோல் இருந்தது. ஐந்தாவது இப்படி வந்தது:

"அன்புள்ள ஜெய்த்தூன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட மனுவை நான் எழுதவில்லை. எழுதினாலும் அது நிற்காது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தவளைகள் உங்கள் மனைக்குத் தாமாக வரவில்லை. என் கணவர் சூசைநாதன் ஐப்பசி ஒன்று முதல் பத்து வரை உங்கள் மனையில் ஒலிபெருக்கி வைத்து அவற்றை வரவழைத்தார். எங்கள் மனையிலிருந்து கோடு விலக வேண்டும் என்பதற்காகவே செய்தார். முள்செடியில் நான் அவிழ்த்தது குப்பை இல்லை. அவர் கட்டிய கட்டு. அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன்.

வந்த தவளைகள் இப்போது உங்கள் மனையில் குஞ்சு பொரித்துவிட்டன. சட்டப்படி கோட்டை இனித் திருப்ப முடியாது. திருப்பினால் அவை பிழைக்காது என்றும் வாரியத்தில் சொல்கிறார்கள்.

உங்களிடமிருந்து போனது எண்ணூற்று இருபது சதுர அடி. எங்களுக்கு வந்ததும் அதே எண்ணூற்று இருபது. அதை உங்கள் பெயருக்கு எழுதி வைக்கச் சம்மதித்து இருவரும் இதன் அடியில் கையெழுத்திட்டிருக்கிறோம். இது தானம் இல்லை. நன்றி சொல்ல வேண்டாம். இதை வாங்கிக்கொண்டால் எங்கள் மேல் புகார் கொடுக்கக் கூடாது என்பதும் இல்லை. இந்தக் கடிதமே அதற்குச் சாட்சியாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் குடியிருக்க உங்களுக்கு மனம் இல்லை என்றால் அந்த இடத்தை விற்று வேறு இடம் வாங்கிக்கொள்ளுங்கள். எது செய்தாலும் பங்குனிக்குள் செய்யும்படி நாங்கள் தாமதமில்லாமல் ஒத்துழைப்போம்."

சூசைநாதன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கையெழுத்துக்கு மேலே இருந்த சின்ன இடைவெளியில் தம் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "காலி மனை என்று நினைத்தேன். உங்களைப் பார்க்காமல் செய்துவிட்டேன்."

"இதை அடிச்சுடணுமா? சாக்குச் சொல்ற மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

அமலோற்பவம் படித்துப் பார்த்தாள். "கொஞ்சம் இருக்கு. இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை இருவருமே மதுராந்தகத்துக்குப் போனார்கள். தபால் ஆபீஸில் கூட்டமில்லை. சூசைநாதன் கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டார். அமலோற்பவம் விளிம்பில் பசை தடவி ஒட்டினாள். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் முனையிலிருந்து முனைவரை ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

கவுண்டரில் இருந்தவர் முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, ஜெய்த்தூன் அக்கா கடை நாலு கடை தள்ளித்தானே இருக்கு. மிஷின் சத்தம் இங்கேயே கேக்குது. கையிலேயே குடுத்துட்டுப் போலாமே."

"கையில குடுத்தா படிக்கிறதுக்கு முன்னாடி டீ வாங்கிக் குடுத்துடுவாங்க" என்றாள் அமலோற்பவம்.

அவர் புரியாமல் தலையாட்டினார். எடை போட்டார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். முத்திரையை மையில் ஒற்றி உறையின் மேல் இரண்டு முறை குத்தி, பின்னால் திறந்து கிடந்த பைக்குள் போட்டார்.